நாலு பல் வெட்டிய மருந்துத் தாள்

போன வருஷம், ஜூலை மாத மழையில், பம்பாய்த் தாராவியில் நடந்தது இது. யுத்தம் முடிந்தும் ரேஷன் மட்டும் முடியாத வருஷம். நான் அப்போது இன்டர் பாஸ் பண்ணி பி.ஏ.வில் சேர்ந்திருந்தேன். மாதுங்காவில் வீடு. கையில் குடை, தலையில் கொஞ்சம் கனம். நான் சொல்லிக் கொடுத்தால் கழுதைக்குக்கூட கணக்கு வரும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

எங்கள் காலேஜில் நாலைந்து பெண்கள் சேர்ந்து, சனிக்கிழமை மத்தியானங்களில் தாராவிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது என்று கிளம்பினோம். முதல் வாரம் எல்லோரும் வந்தார்கள். அங்கே தோல் ஊறப் போடும் ஷெட்டுகளின் நாற்றம் மூக்கில் ஏறியதும் ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொண்டாள். நான் மட்டும் வீம்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாதிக் காரணம் அம்மா.

"மூக்கைப் பொத்திண்டு எத்தனை நாள் போறேன்னு நானும் பாக்கறேன்டி. வந்தா நேரா பாத்ரூம். குளிச்சுட்டுத்தான் உள்ளே கால் வைக்கணும், சொல்லிட்டேன்."

இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் போகாமல் இருக்கத் தோன்றும்?

திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் நிறைந்த ஒரு சாலில், அதாவது கோலி என்கிற ஒற்றை அறை வீடுகள் வரிசையாக உள்ள கட்டடத்தில், மாடி வராந்தாவின் கோடியில் என் வகுப்பு. ஆறு வயதிலிருந்து ஒன்பது வயது வரைக்கும் வாண்டுகள். கூட்டல், கழித்தல் எல்லாம் பட்டாசு மாதிரி. கடைக்கு ஓடி ஓடிப் பழகிய கணக்கு. ஆனால் பின்னம் என்று வந்ததும் வண்டி நின்றுவிட்டது. ஸ்லேட்டில் நாலில் ஒன்றான காலையும் எட்டில் ஒன்றான அரைக்காலையும் எழுதி எது பெரிசு என்று கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில் அரைக்கால்தான் என்றார்கள். ஏன்? கீழே எட்டு இருக்கே, நாலைவிட எட்டு பெரிசாச்சே!

சரி, கையில் கொடுத்துக் காட்டினால் புரியும் என்று அடுத்த வாரம் வீட்டிலிருந்து சப்பாத்தி கொண்டுபோனேன். முழுசைப் பாதியாக்கி, பாதியைக் காலாக்கித் திரும்பிப் பார்ப்பதற்குள் முக்கால் சப்பாத்தியைக் காணோம். "எங்கடா போச்சு?" என்றால், "வயித்துக்குள்ள இருக்கு டீச்சரக்கா, கழிச்சிக்கோங்க" என்கிறான் ஒருத்தன். சாப்பிடுகிற சாமானை வைத்துப் பின்னம் நடத்த முடியாது என்பது அன்றைக்கு நான் கற்ற பாடம்.

பிறகு ஒரு நாள் என் காலில் ஆணி குத்தி, அந்தச் சந்து முனையில் இருக்கிற டிஸ்பென்சரிக்குப் போனேன். கூட்டம். காத்திருக்கும்போது கம்பவுண்டர் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருத்தரும் வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுவருவார்கள். அவர் மிக்ஸ்சரை ஊற்றுவார். ஒரு நீளத் துண்டுத் தாளை மருந்தின் உயரத்துக்குக் கிழிப்பார். இரண்டாக மடிப்பார், நாலாக மடிப்பார், எட்டாக மடிப்பார். மடிப்பு ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு. பிரித்தால் தாளின் ஓரம் பூராவும் பல் பல்லாக இருக்கும். பாட்டிலில் பசை தடவி ஒட்டிவிடுவார். ஒரு வேளைக்கு ஒரு பல். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அளவு தவறாது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று. நான் ஸ்லேட்டில் முட்டி மோதிக்கொண்டிருந்த சங்கதி இங்கே எல்லா வீட்டு அலமாரியிலும் ஒட்டியிருக்கிறதே!

என் முறை வந்தபோது அவர் ஒரு குட்டி பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அது மட்டும் ஏன் பூட்டு?"

"அபின் சத்தும்மா. பேதி மிக்ஸ்சர்ல ரெண்டு சொட்டு விடுவோம். அளவா விட்டா பேதி நிக்கும். கூடிப் போனா கொழந்தை தூங்கும். ரொம்பக் கூடிப் போனா எழுந்திரிக்காது. போதுமா? காலைக் காட்டு."

நான் சிரித்துக்கொண்டே காலைக் காட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு ஜோர். காலி பாட்டில் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். தாள் பஞ்ச காலம், அதனால் பழைய பேப்பரின் ஓரங்களைக் கிழித்து வைத்திருந்தேன். பசைக்குச் சோறு. தண்ணீரில் துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து 'மருந்து'. ஒரு மடிப்பு, அரை. இன்னொரு மடிப்பு, கால். வெட்டு, ஒட்டு, ஊற்று. "கால் பாட்டில் குடுங்க கம்பவுண்டரே", "அரை பாட்டில் குடிச்சிட்டேன், சாகப் போறேன்" என்று ஒரே கூத்து. ஒரு மணி நேரத்தில் கால், அரை, முக்கால் எல்லாம் விரல் நுனியில் வந்துவிட்டது. அரைக்காலை அடுத்த வாரத்துக்கு என்று வைத்துக்கொண்டேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு சிறுமி. எட்டு வயது இருக்கும். எண்ணெய் வழிய வழிய இறுக்கிப் பின்னிய சடை. மற்றவர்கள் ஏனோதானோவென்று மடித்தால் இவள் நகத்தால் அழுத்திக் கீறி மடிப்பாள். பக்கத்தில் இருந்தவளை அதட்டவும் செய்வாள்: "ஏட்டி, ஓரத்தோட ஓரம் சேரணும்லா. இல்லாட்டா நோயாளி செத்துருவாம்லா!" நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அந்த வாரம் மழை வெளுத்து வாங்கியது. சனிக்கிழமை தண்ணீரில் அளைந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது பாதிப் பிள்ளைகள்தான் வந்திருந்தார்கள். அரைக்காலுக்காகத் தாள் கிழித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிறுமி நனைந்துபோய், வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தாள்.

"டீச்சரக்கா, எங்க வீட்டுல நேத்து வாங்குன புது மருந்து பாட்டில் மேல ஒழுகித் தாளு பிஞ்சி விழுந்துட்டு. நானே மடிச்சி, பல்லு வெட்டி ஒட்டிட்டேன்!"

"சபாஷ்" என்றேன். நிஜமாகவே சொன்னேன். "எத்தனை பல்?"

"நாலு. நீங்க சொல்லித் தந்தியள்லா, அதே மாதிரி. கம்பவுண்டர் ஒட்டுனதுல குட்டி குட்டியா நெறைய இருந்துச்சி. என்னது நல்லாப் பெருசு."

கையில் இருந்த தாள் அப்படியே நின்றுவிட்டது.

"யாருக்கு மருந்து?"

"தம்பிப் பாப்பாவுக்கு. பேதி நிக்கவே இல்லல்லா, இப்ப நின்னுட்டு. நேத்து ராத்திரி மருந்து குடுத்ததுல இருந்து ஒரே ஒறக்கம். காலையிலயும் குடுத்தாச்சி. அழவே இல்ல. அம்மைக்கு ஒரே சந்தோசம்."

பூட்டிய அலமாரி கண் முன்னால் வந்து நின்றது.

பிள்ளைகளைப் பக்கத்துக் கோலி அம்மாளிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னேனா, சொல்லாமலே ஓடினேனா, ஞாபகம் இல்லை. சிறுமியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி இறங்கினேன். கீழே சந்து பூராவும் தண்ணீர். தோல் ஷெட்டிலிருந்து வருகிற பழுப்புத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து முழங்காலைத் தொட்டது. வழக்கமாக அதில் கால் வைக்க முகம் சுளிப்பவள் நான். அன்றைக்கு ஒரு செருப்பு எங்கே போனது என்றுகூடப் பார்க்கவில்லை.

அவர்கள் கோலிக்குள் நுழைந்தால் இருட்டு. கூரை ஒழுகுகிற இடத்திலெல்லாம் பாத்திரம். சிறுமியின் அம்மா பாயில் குழந்தையை அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து வாயில் விரலை வைத்தாள்.

"வாங்க டீச்சரம்மா. மெதுவாப் பேசுங்க. எத்தனையோ நாளைக்கிப் பொறவு இப்பத்தான் புள்ள நிம்மதியா ஒறங்குதான்."

அவள் முகத்தில் அத்தனை நிம்மதி. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

குழந்தைக்கு ஒரு வயதுகூட இருக்காது. தொட்டுப் பார்த்தேன். உடம்பு சூடாகத்தான் இருந்தது. மூச்சு வருகிறதா? இருட்டிலும் மழைச் சத்தத்திலும் தெரியவில்லை. விரலை மூக்கடியில் வைத்தேன். மழையில் விறைத்த விரலுக்கு எதுவும் தெரியவில்லை. உள்ளங்காலில் கிள்ளினேன். முகம் லேசாகச் சுருங்கியது. அப்புறம் மறுபடியும் தூக்கத்துக்குள் நழுவிப் போய்விட்டது. அழவில்லை. கிள்ளினால் அழாத குழந்தையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பலகையில் அந்தப் பாட்டில் இருந்தது. பழுப்புக் கண்ணாடி. அதில் தாள். நாலு பல், கோணல் இல்லை, கசங்கல் இல்லை, பசை வழியவில்லை. வேறு நாளாக இருந்தால் வகுப்புக்கே தூக்கிக் காட்டியிருப்பேன்.

"கம்பவுண்டரைப் பாக்கணும். இப்பவே. குழந்தையைத் தூக்கிக்கோங்கோ" என்றேன். பயத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"எதுக்கு? நல்லாத்தான ஒறங்குதான்?"

சிறுமி என் பக்கத்தில் நிற்கிறாள். அவளுக்கு முன்னால் எதைச் சொல்வது? "மருந்து அளவு கூடியிருக்குமோன்னு சந்தேகம்" என்றேன். அம்மா பாட்டிலைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். குழந்தையைத் தோளில் போட்டு, கோணிச் சாக்கை முக்காடு மாதிரி மடித்துக் கவிழ்த்துக்கொண்டு வெளியே இறங்கிவிட்டாள்.

அந்த டிஸ்பென்சரி என்ன பெரிய தூரம், சந்து முனைதான். அன்றைக்கு அது போய்க்கொண்டே இருந்தது. முன்னால் சாக்கு முக்காட்டில் அம்மா. அவள் தோளில் ஆடுகிற ஒரு சின்னத் தலை. தலை ஆடுகிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பின்னால் பாட்டிலைப் பாவாடைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சிறுமி.

என் மண்டைக்குள் கணக்கு தானாக ஓடியது. எட்டில் ஒரு பாகம் கொடுக்க வேண்டியது. நாலில் ஒரு பாகம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மடங்கு. அதுவும் இரண்டு வேளை. பரீட்சையில் இந்த மாதிரிக் கணக்கை ஊதித் தள்ளுவேன். அன்றைக்கு விடையே வரக் கூடாது என்று வேகமாக நடந்தேன்.

"டீச்சரக்கா" என்று பின்னாலிருந்து குரல். "நான் சரியாத்தான மடிச்சேன்? ஓரத்தோட ஓரம் சேத்துத்தான் மடிச்சேன்."

"வேகமா வா" என்றேன்.

டிஸ்பென்சரி கதவு பாதி சாத்தியிருந்தது. டாக்டர் இல்லை. லைனில் தண்ணீர், லோக்கல் ரயில் நின்றுவிட்டது, அவர் தாதரிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறார். கம்பவுண்டர் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லச் சொல்ல, பீடி அவர் விரலிலேயே அணைந்தது.

"அரே பாபா! பேதி மிக்ஸ்சரா? எட்டு வேளைக்குல்ல குடுத்தேன்! யார் ஒட்டினது இதை?"

சிறுமி என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"நான் சொல்லிக் குடுத்தேன்" என்றேன்.

"கணக்கு சொல்லிக் குடுக்க உனக்கு வேற சாமானே கெடைக்கலையா? பாக்கு இல்ல, புளியங்கொட்டை இல்ல, மருந்து பாட்டில்தான் கெடைச்சுதா?"

திட்டிக்கொண்டே குழந்தையை மேஜை மேல் கிடத்தினார். கண் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். மார்பில் காதை வைத்தார். வெகு நேரம் காதை எடுக்கவில்லை. அவர் திட்டிக்கொண்டே இருந்தால் தேவலை என்று தோன்றியது. பிறகு பாட்டிலைப் பிடுங்கி, பல்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"எத்தனை வேளை குடுத்தே?"

"ரெண்டு" என்றாள் அம்மா.

"வேளைக்கு ஒரு பல்லா?"

அம்மா சாக்கின் நுனியைப் பிடித்துத் திருக ஆரம்பித்தாள்.

"ஏம்மா, கேக்கறேன்ல? ரெண்டு வேளைன்னா ரெண்டு பல் எறங்கியிருக்கணும். ஒண்ணுதானே எறங்கியிருக்கு? மிச்சம் எங்கே? கீழ கொட்டினியா?"

நான் அப்போதுதான் பார்த்தேன். உண்மைதான். மருந்து முதல் பல்லோடு நின்றிருந்தது. அந்த இருட்டுக் கோலியில், அத்தனை பெரிய மேதாவியான நான், தாளில் இருந்த பல்லை எண்ணினேனே தவிர, பாட்டிலில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவே இல்லை.

அம்மா சாக்கின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"கொட்டல. பாதி பாதிதான் குடுத்தேன்."

"ஏன்?"

"இங்கிலீஷ் மருந்து சூடுல்லா" என்றாள், சட்டென்று குரலை உயர்த்தி. "நீங்க சொல்லுததை அப்படியே குடுத்தா பச்சப் புள்ள தாங்குமா? எங்க சால்ல போயி யாரை வேணும்னாலும் கேளுங்க. பெரியாளுக்கு ஒரு பல்லு, புள்ளைக்குப் பாதிப் பல்லு. எல்லாரும் அப்படித்தான் குடுக்கோம். உங்ககிட்ட சொன்னா ஏசுவியன்னு சொல்லுததில்ல."

"போன பாட்டில்?"

"அதுவும் பாதிதான்."

"அதனாலதான் நிக்கல!" கம்பவுண்டர் தலையில் அடித்துக்கொண்டார். "டாக்டர் கிட்ட நான் என்னென்னமோ சொல்லி, மருந்தையே மாத்தணும்னு அவரும் நானும் மண்டையை ஒடைச்சுக்கிட்டிருந்தோம்! பாதி மருந்து குடுத்தா எங்கேருந்து நிக்கும்?"

எனக்குக் கணக்கு மெதுவாகத்தான் உறைத்தது. கால் பங்கில் பாதி. அரைக்கால். எட்டில் ஒன்று. கம்பவுண்டர் கொடுக்கச் சொன்ன அதே அளவு. குழந்தைக்கு முதல் தடவையாகச் சரியான மருந்து போயிருக்கிறது. அன்றைக்கு வராந்தாவில் நான் நடத்த வேண்டியிருந்த பாடமே அதுதான்.

நான் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். கம்பவுண்டர் என்னை முறைத்தார்.

"கணக்கு கெடக்கட்டும். இவ சொல்றது சரின்னா பயமில்ல. ஆனா கொழந்தை முழிக்கட்டும், அப்புறம் சிரி."

காத்திருந்தோம். கதவுக்கு வெளியே மழை. அம்மா குழந்தையின் நெஞ்சில் கையை வைத்தபடி நின்றாள். சிறுமி பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தாள். குனிந்து பார்த்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தம்பியின் தொங்குகிற காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. ஒரு குழந்தை அழாமல் இருப்பது எத்தனை பயங்கரம் என்று அன்றைக்கு இரண்டாம் தடவை தெரிந்தது. "நீ சரியாத்தான் மடிச்சே" என்றேன். அவள் கண் அந்தக் காலைவிட்டு நகரவில்லை.

கம்பவுண்டர் பஞ்சைத் தண்ணீரில் நனைத்துக் குழந்தையின் நெற்றியில் வைத்தார். உள்ளங்காலைச் சுண்டினார். மறுபடியும் சுண்டினார்.

கால் விரல்கள் மடங்கின. ஒரு தும்மல். கண்ணைத் திறந்து, மேலே தொங்கிய பல்பைப் பார்த்து, அதற்குக் கீழே பளபளத்த கம்பவுண்டரின் வழுக்கையைப் பார்த்து, குழந்தை வீறிட்டான் பாருங்கள்! அப்படி ஒரு அழுகை. அம்மா அள்ளிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். பசியில் சப்புகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"பல நாள் தூங்காத கொழந்தை. வயிறு நின்னதும் அசந்து தூங்கியிருக்கான், அவ்வளவுதான்" என்றார் கம்பவுண்டர். முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழையில் நனையாத மனிதருக்கு அத்தனை ஈரம்.

பெஞ்சுக்கு அடியில் அப்போதுதான் சிறுமி நடுங்க ஆரம்பித்தாள். பல் கிட்டுகிற அளவுக்கு நடுக்கம். நானும் ஈரத் தரையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அவளை நான் பிடித்துக்கொண்டேனா, என்னை அவள் பிடித்துக்கொண்டாளா என்று தெரியவில்லை.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கம்பவுண்டர் புதுத் தாள் கிழித்தார். கத்தரியை எடுத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"எட்டுப் பல் வெட்டினா இவ பாதி குடுப்பா. மறுபடி பேதி. நாலையே விட்டுவெச்சா, இவ ஊட்ல இல்லாத நேரம் வேற யாராவது முழுப் பல் குடுத்துடுவான். அப்புறம்..." கத்தரியைக் கீழே வைத்தார்.

"இனிமே முழுசாக் குடுக்கேன் அண்ணாச்சி" என்றாள் அம்மா. அவள் தலையாட்டிய விதத்தை அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. கடைசியில் அவர் எட்டுப் பல் தாளை ஒட்டி, பாட்டிலைத் தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டார். "காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ, புள்ளையோட இங்க வா. நானே ஊத்தறேன். இல்லாட்டி எனக்கு ராத்திரி தூக்கம் வராது." குழந்தை தேறிவிட்டான். இப்போது என் வகுப்புக்கு நடுவில் தவழ்ந்து வந்து சாக்பீஸைத் தின்கிறான்.

சிறுமி ரொம்ப நாள் தாளைத் தொடவில்லை. மற்றவர்கள் மடிக்கும்போது கையைப் பாவாடைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். நான் வற்புறுத்தவில்லை. ஒரு நாள் அவளாகவே பக்கத்தில் வந்து, நான் நீலத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்த பாட்டிலை மோந்து பார்த்தாள்.

"இது சும்மா தண்ணிதான டீச்சரக்கா?"

"சும்மா தண்ணிதான்."

ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் தாளைக் கையில் எடுத்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நகத்தால் கீறி, மூன்று தடவை மடித்தாள்.

வீட்டில் யாருக்காவது ஜுரம் வந்து மேஜையில் மருந்து பாட்டில் வந்து உட்கார்ந்தால், நான் இப்போதும் முதலில் தாளைப் பார்ப்பதில்லை, அதைக் கொடுக்கிற கையைத்தான் பார்க்கிறேன்; ஏனென்றால் அன்றைக்கு விடை சரியாக வந்ததே தவிர, அந்தக் கணக்கை எங்களில் ஒருவரும் போடவில்லை.